உத்தரவாத ஆட்சி கேட்டவர் உத்தரவாதம் ஏற்றாரா?

பட்டம் தாணு பிள்ளை என்ற பெயரை நம் குமரி மாவட்டத்துத் தோழர்கள் கோபத்தோடு சொல்கிறார்கள். அதே பெயரைக் கேரளத்துப் பெரியவர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து ஒரே படகில் கடலுக்குப் போகிறவர்களும், ஒரே பீலிங் ஷெட்டில் அருகருகே நின்று இறால் உரிக்கிறவர்களும்கூட இந்த ஒரு மனிதரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நம் பிள்ளைகளோ இவர் யார் என்றே அறியாமல் வளர்கிறார்கள். கேரளத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிதான் கற்பிக்கப்படுகிறது. வீட்டில் பாட்டன் சொல்லும் கதையில் மறு பாதிதான் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. ஏனென்றால் நாம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பிழைக்கிற மக்கள்.

ஒரு தலைவரை வாழ்நாள் முழுவதும் போற்றுவதும், வாழ்நாள் முழுவதும் தூற்றுவதும் சுலபம். அவருடைய வாழ்வில் எந்த இடத்தில் என்ன கேள்வி எழுந்தது, அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று பார்ப்பதுதான் உழைக்கும் மக்களுக்குப் பயன்படும். அந்த முறையில்தான் இங்கே பட்டத்தின் கணக்கைப் பார்க்கிறோம்.

அரண்மனையை எதிர்த்து நின்ற வழக்கறிஞர்

தாணு பிள்ளை 1885-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பிறந்தவர். திருவனந்தபுரத்தை அடுத்த பட்டம் என்னும் ஊரின் பெயரே அவருக்குப் பெயராகிவிட்டது. வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர், சமஸ்தான சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். வசதியாக வாழ்ந்து, திவானுக்கு வேண்டியவராக இருந்து, பெரிய பதவியில் ஓய்வு பெற்றிருக்கலாம். அந்த வழியை அவர் எடுக்கவில்லை.

1938-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தது. அதன் தலைவர் பட்டம். அப்போது திவானாக இருந்தவர் சர் சி. பி. ராமசாமி ஐயர். மன்னருக்கு அடுத்தபடி சர்வ அதிகாரமும் அவர் கையில் இருந்தது. அந்தத் திவான்மீது குற்றங்களை வரிசைப்படுத்தி மன்னரிடமே மனு கொடுத்தது ஸ்டேட் காங்கிரஸ். கைது, சிறை, பத்திரிகைகளுக்குப் பூட்டு, கூட்டங்களில் தடியடி என்று சமஸ்தானம் பதில் சொன்னது. நெய்யாற்றின்கரையில் கூடிய மக்கள்மீது துப்பாக்கி சுட்டது. பட்டம் சிறைக்குப் போனார்.

அந்தப் போராட்டத்தின் கோரிக்கை என்ன? மலையாளத்தில் அதை 'உத்தரவாத பரணம்' என்றார்கள். தமிழில் பொறுப்பாட்சி என்கிறோம். ஆள்கிறவர்கள் மன்னருக்குப் பதில் சொன்னால் போதாது, மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். கேரளத்தில் வாழும் நமக்கு இந்தச் சொல் இரண்டு விதமாகக் காதில் விழுகிறது. தமிழில் உத்தரவாதம் என்றால் நம்பி இருக்கலாம் என்று ஒருவர் தரும் உறுதி. மலையாளத்தில் உத்தரவாதம் என்றால் நடந்ததற்கு நான் பொறுப்பு என்று ஒருவர் முன்னால் வந்து நிற்பது. ஒரு நல்ல அரசிடம் மக்களுக்கு இரண்டுமே வேண்டும்.

இங்கே நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1938-இல் சுடச் சொன்ன ஆட்சியின் தலைமை அதிகாரி தமிழர். சுடப்பட்டவர்களும் சிறைப்பட்டவர்களும் பெரும்பாலும் மலையாளிகள். தமிழர் ஒருவர் திவானாக இருந்த காரணத்தால் திருவிதாங்கூரின் தமிழ் ஏழைக்குத் தனியாக ஒரு பிடி அரிசி அதிகமாகக் கிடைத்துவிடவில்லை. அதிகாரத்தில் இருக்கிறவனின் தாய்மொழியைப் பார்த்து நம்பிக்கை வைக்கிற வழக்கத்துக்கு இந்தச் சரித்திரம் அன்றே பதில் சொல்லிவிட்டது.

1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர்களைச் சமஸ்தானப் படை கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொன்றது. 1947-இல் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் வெட்டப்பட்டுக் காயமடைந்தார், அடுத்த மாதமே பதவியை விட்டுப் போனார். தேர்தல் நடந்தது. 1948 மார்ச் 24-ஆம் நாள் பட்டம் தாணு பிள்ளை திருவிதாங்கூரின் பிரதம மந்திரியாகப் பொறுப்பேற்றார். பத்தாண்டுகளுக்கு முன் எந்தப் பொறுப்பாட்சியைக் கேட்டுச் சிறை சென்றாரோ, அந்தப் பொறுப்பாட்சியின் தலைமையே அவர் கைக்கு வந்தது. ஆனால் சொந்தக் கட்சிக்குள் மூண்ட சண்டையில் ஏழு மாதங்களில், அக்டோபரில், அந்த மந்திரிசபை கவிழ்ந்தது. பிறகு அவர் காங்கிரசை விட்டு விலகி, பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் கேரளத் தலைவராக வளர்ந்தார்.

19 பேரை வைத்துக்கொண்டு ஓர் அரசு

இதற்கிடையில் தெற்கே வேறொரு குரல் எழுந்திருந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, மலைமேல் தேவிகுளம், பீர்மேடு முதலிய பகுதிகளில் தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்தனர். அவர்களுடைய பள்ளிக்கூடத்தில், கச்சேரியில், அரசாங்க உத்தியோகத்தில் அவர்களுடைய மொழிக்கு இடமில்லை என்ற குறை நெடுநாளையது. 1945-இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தோன்றியது. மார்ஷல் நேசமணி அதன் முன்னணித் தலைவரானார். தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை.

1953 டிசம்பரில் மத்திய அரசு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. எந்தத் தாலுகா எந்த மாநிலத்துக்கு என்று அந்த ஆணையம் சொல்லப்போகிறது என்றதும் இரண்டு பக்கமும் வேகம் ஏறியது. இந்த நேரத்தில்தான், 1954 தொடக்கத்தில், திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. மொத்தம் 117 இடங்கள். காங்கிரசுக்கு 45, கம்யூனிஸ்டுகளுக்கு 23, பட்டத்தின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19, தமிழ்நாடு காங்கிரசுக்கு 12.

தேர்தலில் பிரஜா சோஷலிஸ்டுகள் இடதுசாரிக் கட்சிகளோடு தொகுதி உடன்பாடு செய்துகொண்டுதான் நின்றார்கள். தேர்தல் முடிந்ததும் எதிர்த்து நின்ற காங்கிரசின் ஆதரவை ஏற்றுக்கொண்டு பட்டம் மார்ச் மாதம் முதலமைச்சரானார். 117 பேர் உள்ள சபையில் 19 பேரை வைத்துக்கொண்டு ஓர் அரசு! இது சட்டப்படி தவறு ஆகாது. ஆனால் ஒரு முதலமைச்சரின் நாற்காலிக் கால்கள் பிறர் வீட்டில் இருக்குமானால், அவர் யாருக்குப் பயப்படுவார், யாரைப் பற்றிக் கவலைப்படமாட்டார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாடு காங்கிரசின் போராட்டம் தீவிரமடைந்தது. 1954 ஜூலையில் தடையை மீறித் தேவிகுளம் சென்ற நேசமணியும் மற்றத் தலைவர்களும் கைதானார்கள். மலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் பலர் போலீஸ் கெடுபிடிக்கு ஆளானார்கள். ஆகஸ்டு 11-ஆம் நாளைத் தமிழர் விடுதலை நாளாகக் கொண்டாட அழைப்பு விடப்பட்டது. அன்று கடையடைப்பும் ஊர்வலமும் நடந்தன. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் மக்கள்மீது துப்பாக்கி சுட்டனர். உயிரிழந்தவர் 11 பேர் என்று தமிழர் நினைவுகூர்கிறார்கள். அரசாங்கம் சொன்ன கணக்கு அதைவிடக் குறைவு. நம்மைப் பொறுத்தவரை ஒருவர் செத்திருந்தாலும் கேள்வி ஒன்றுதான். சுட்ட போலீசார் யாருடைய அதிகாரத்தின் கீழ் இருந்தார்கள்? அந்த அதிகாரத்தின் தலைவர் என்ன பதில் சொன்னார்?

கூட்டம் வன்முறையில் இறங்கியது, போலீசாருக்கு வேறு வழி இல்லை என்பதுதான் அரசாங்கத்தின் பதில். 1938-இல் திவானின் அரசாங்கமும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தது. பதினாறு ஆண்டுகளில் பதிலைச் சொல்லும் வாய் மட்டும் மாறியிருந்தது.

சிறையிலிருந்து வந்த தந்தி

இந்தப் பதிலை ஏற்காதவர்களில் முக்கியமானவர் தமிழரும் இல்லை, மலையாளியும் இல்லை. அவர் வடநாட்டுக்காரர், பட்டத்தின் சொந்தக் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர், டாக்டர் ராம் மனோகர் லோகியா. அப்போது உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகளின் பாசன வரி உயர்வை எதிர்த்துப் போராடி அலகாபாத்தை அடுத்த நைனி சிறையில் இருந்தார். சிறையிலிருந்தே தந்தி அனுப்பினார். மந்திரிசபை இராஜினாமா செய்ய வேண்டும், நீதி விசாரணை நடக்க வேண்டும் என்றார்.

லோகியாவின் வாதம் எளிமையானது. காங்கிரஸ் அரசு மக்களைச் சுட்டால் நாம் பதவி விலகு என்கிறோம். நம் அரசு சுட்டாலும் அதே சட்டம் நமக்கும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வேற்றுமை? ஆயுதம் இல்லாத மக்களைச் சுடாமல் ஆளத் தெரியாத சோஷலிஸ்டுக்கு ஆட்சி எதற்கு?

அன்று நாடு முழுவதிலும் சோஷலிஸ்டுகளுக்கு இருந்த ஒரே முதலமைச்சர் பட்டம்தான். கிடைத்த ஒரே மந்திரிசபையை யார் விடுவார்கள்? கட்சியின் தேசியச் செயற்குழு லோகியாவின் பக்கம் நிற்கவில்லை. லோகியா பொதுச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். நவம்பரில் நாகபுரியில் கூடிய கட்சி மாநாட்டில் இந்தப் பிரச்சினையே பெரும் வாதமாயிற்று. பெரும்பான்மை, மந்திரிசபையைக் காப்பாற்றும் பக்கம் சேர்ந்தது. அடுத்த ஆண்டு லோகியா கட்சியிலிருந்து தள்ளப்பட்டார். 1955 முடிவில் அவர் தனியாகச் சோஷலிஸ்ட் கட்சியை அமைத்தார். மார்த்தாண்டம், புதுக்கடை என்ற இரண்டு சிற்றூர்களில் வெடித்த துப்பாக்கி, இந்தியாவின் ஒரு பெரிய கட்சியை இரண்டாகப் பிளந்தது. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்வதில்லை.

அவ்வளவு விலை கொடுத்துக் காப்பாற்றிய நாற்காலி எத்தனை நாள் நிலைத்தது? 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் கையை எடுத்தது, மந்திரிசபை விழுந்தது. பனம்பிள்ளி கோவிந்த மேனன் முதலமைச்சரானார். ஆகஸ்டிலேயே கௌரவமாக எழுந்து போயிருந்தால், பட்டம் இழந்திருக்கக்கூடியது ஆறு மாதப் பதவி. பெற்றிருக்கக்கூடியது இரண்டு மொழி மக்களின் மதிப்பு.

மலையில் குடியேற்றம்

பட்டத்தின் இந்த ஆட்சிக்காலத்து வேலை ஒன்று இன்னும் இடுக்கி மலையில் நிலைத்திருக்கிறது. உயர்மலைக் குடியேற்றத் திட்டம் என்று அதற்குப் பெயர். சமவெளியிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கொண்டுபோய் மலையில் குடியமர்த்தி, குடும்பத்துக்கு 5 ஏக்கர் நிலம் என்று அரசாங்கம் கொடுத்தது. 1955-இல் கல்லாற்றில் உண்டான குடியிருப்பு இன்றும் 'பட்டம் காலனி' என்றே வழங்குகிறது. மறையூர், காந்தளூர்ப் பக்கமும் இத்திட்டத்தில் குடியேற்றம் நடந்தது.

இதைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. நிலமில்லாத ஏழைக்கு நிலம் கொடுத்தார் என்பது ஒன்று. அது உண்மை. யானையோடும் குளிரோடும் மலம்பனிக் காய்ச்சலோடும் போராடி அந்த மலையைத் திருத்தியவர்கள் பணக்காரர்கள் இல்லை, நம்மைப் போலப் பிழைக்க வழி தேடிப் போனவர்கள்தான். ஆணையம் எல்லை பிரிக்கும் நேரத்தில், தேவிகுளம்-பீர்மேட்டில் மலையாளிகளின் எண்ணிக்கையை உயர்த்துவதற்காகவே செய்தார்கள் என்பது மற்றொரு பேச்சு. தமிழர் தரப்பு இதை அன்றுமுதல் சொல்லி வருகிறது. நோக்கம் பற்றிய வழக்கு எப்படி இருந்தாலும், நிலம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது கண்ணால் காணக்கூடியது. அதே மலையில் இரண்டு மூன்று தலைமுறையாகத் தேயிலை கிள்ளிய தமிழ்க் கூலிக்கு 5 ஏக்கர் வேண்டாம், 5 சென்ட்கூடக் கிடைக்கவில்லை. அவர்கள் வந்து போகிற கூட்டம், நிலையான குடிகள் இல்லை என்று வாதிக்கப்பட்டது.

ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 'வந்து போகிறவர்கள்' என்று சொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்ட லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 உயிர்களை மண் மூடியது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள், சாகும்போதும் தோட்டத்து லயத்தில்தான் இருந்தார்கள். வந்து போகிறவர்கள் என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு காலம் ஒரு மக்களைத் துரத்தும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? இடக்கொச்சியில் வாடகை லைன் வீடுகளில் இருக்கும் நமக்கும் அந்தச் சொல்தான் பெயராக ஒட்டியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மீண்டும் நாற்காலி, பிறகு ராஜ பவன்

பட்டத்தின் அரசியல் 1955-இல் முடிந்துவிடவில்லை. 1957-இல் வந்த கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் அவரும் முன்னணியில் நின்றார். 1959 ஜூலை 31-ஆம் நாள் அந்த அரசு கலைக்கப்பட்டது. 1960 தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் ஆகிய மூன்றும் கைகோத்து வென்றன. காங்கிரசுக்கு 63 இடம், பட்டத்தின் கட்சிக்கு 20 இடம். ஆனாலும் முதலமைச்சர் பட்டம்தான். மூன்றில் ஒரு பங்கு பலம் உள்ள கட்சியின் தலைவர் மீண்டும் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய சாமர்த்தியத்துக்கும் செல்வாக்குக்கும் இது சாட்சி. பிறருடைய தயவில் உட்கார்கிற பழைய கதை திரும்பியதற்கும் இதுவே சாட்சி.

1962 செப்டம்பரில் பட்டத்தைப் பஞ்சாப் கவர்னராக அனுப்பினார்கள். காங்கிரசின் ஆர். சங்கர் முதலமைச்சரானார். பெரிய கட்சி தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டது. பட்டத்தின் கட்சியிலிருந்து அதன் பிறகு ஒருவரும் கேரளத்தில் முதலமைச்சராக வந்ததில்லை. பட்டம் 1964-இல் ஆந்திரத்துக்குக் கவர்னராக மாற்றப்பட்டு 1968 வரை இருந்தார். 1970 ஜூலை 27-ஆம் நாள் காலமானார். திவானை எதிர்த்துத் தொடங்கிய பொதுவாழ்வு, மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத கவர்னர் பதவியில் முடிந்தது.

உபகாரக் கணக்கும் பொறுப்புக் கணக்கும்

பட்டத்தை மதிக்கிறவர்கள் சொல்வதையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சமஸ்தான காலத்தில் அவர் பட்ட துன்பம் பெரிது. மன்னராட்சியில் வாய் திறக்கவே அஞ்சிய மக்களுக்குத் தைரியம் தந்தவர். தன் மாநிலத்தின் எல்லையைக் காக்க வேண்டும் என்று ஒரு முதலமைச்சர் நினைப்பதில் குற்றம் என்ன என்றும் கேட்கிறார்கள். நினைத்ததில் குற்றம் இல்லை. எல்லையைப் பற்றிய வழக்கு ஆணையத்தின் முன் இருந்தது. அங்கே வாதாடியிருக்கலாம். ஊர்வலம் போனவனின் நெஞ்சில் அந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பதுதான் நம் பதில். முன்பு செய்த தியாகம் பின்பு செய்ததற்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்காது.

இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குழப்புவது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. ஜப்பானில் டனாகா காகுவேய் என்று ஒருவர் இருந்தார். நீகாட்டா என்ற பனிப் பிரதேசத்தின் ஏழை வீட்டில் பிறந்து 1972-இல் பிரதம மந்திரியானவர். பணவிவகாரங்கள் அம்பலமாகி 1974-இல் பதவி இழந்தார். லாக்ஹீட் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் லஞ்ச வழக்கில் 1976-இல் கைதானார். 1983 அக்டோபரில் நீதிமன்றம் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறை விதித்தது. அப்பீல் செய்து வெளியில் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் தேர்தல். நீகாட்டா மக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்களித்து அவரையே ஜெயிக்க வைத்தார்கள். ஏனென்றால் பனியில் அடைபட்டுக் கிடந்த ஊர்களுக்கு அவர் சாலையும் சுரங்கப் பாதையும் ரயிலும் கொண்டுவந்தார். நன்றி மறக்கக் கூடாது என்பது அவர்கள் நியாயம். பட்டத்தின்மேல் நாம் அப்படி ஒரு லஞ்சக் குற்றம் சாட்டவில்லை. அவருடைய விவகாரம் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் மக்களிடம் கேட்கப்பட்டது ஒன்றே: நல்லது செய்தாரே, இதை விட்டுவிடக் கூடாதா? கூடாது என்பதே நம் எண்ணம். உபகாரத்துக்கு நன்றி சொல்லலாம். அது ஒரு பேரேடு. உயிர் போனதற்கும் பொதுப்பணம் போனதற்கும் பதில் கேட்பது வேறு பேரேடு. ஒன்றில் உள்ள வரவை எடுத்து மற்றதில் உள்ள பற்றைக் கழிக்க முடியாது.

கொடி எதுவானாலும்

பட்டத்தை மட்டும் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாமா? நாம் வாழும் இந்தக் கொச்சியிலேயே, மார்த்தாண்டத்துக்கு ஓராண்டு முன்பு, 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துறைமுகத் தொழிலாளிகள்மீது போலீஸ் சுட்டது. அவர்கள் கேட்டது என்ன? வேலைக்கு வந்து நிற்கும் கூட்டத்தில் 'சாப்பா' என்ற உலோக வில்லையை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. மற்றவன் பட்டினி. மனிதனைக் கோழியைப் போலக் கொத்தவைக்கும் அந்த முறை வேண்டாம் என்றார்கள். அதற்குத் தோட்டா கிடைத்தது. அன்று ஆட்சியில் இருந்தது ஏ. ஜே. ஜான் தலைமையிலான காங்கிரஸ் அரசு. செத்தவர்கள் மலையாளத் தொழிலாளிகள்.

1958 அக்டோபரில் மூணாற்றில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். அன்று ஆட்சியில் இருந்தது கம்யூனிஸ்ட் கட்சி. காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் என்று ஐந்தே ஆண்டுகளில் மூன்று கொடிகளின் கீழும் துப்பாக்கி வெடித்திருக்கிறது. செத்தவர்களில் தமிழரும் உண்டு, மலையாளிகளும் உண்டு. எல்லோரும் உழைத்துத் தின்றவர்கள். இதற்காக ஒரு மந்திரிசபையும் தானாக எழுந்து போகவில்லை. சொந்தக் கட்சியையே பார்த்து, நீ எழுந்து போ என்று சொன்ன பெரிய தலைவர் லோகியா ஒருவர்தான். அவரையும் வெளியேற்றிவிட்டார்கள்.

ஆகையால் பட்டம் தாணு பிள்ளையின் கதையை மலையாளி தமிழனுக்குச் செய்த கொடுமை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது பாதி உண்மை. அப்படிச் சொல்கிறவர் பக்கத்தில் நிற்கும் மலையாளத் தொழிலாளியை நமக்கு எதிரியாக்கிவிட்டுப் போய்விடுவார். ஓட்டு வாங்குவது அவர், ஷெட்டில் அடுத்த நாள் அதே ஆளோடு வேலை செய்ய வேண்டியது நாம். பொறுப்பாட்சி கேட்டுப் பதவிக்கு வந்த ஒருவர், பொறுப்பை ஏற்க வேண்டிய நாளில் ஏற்கவில்லை என்பதுதான் முழு உண்மை. இந்தக் குற்றத்துக்கு மொழி கிடையாது.

நமக்கு இதில் என்ன வேலை?

இது பழைய கதை, நமக்குக் கூலிதானே முக்கியம் என்று சில தாய்மார்கள் கேட்கலாம். கூலியின் கதையும் இதுதான். வேலைத்தலத்தில் ஓர் ஆள் சாரத்திலிருந்து விழுந்து செத்தால் என்ன நடக்கிறது? காண்டிராக்டர் கம்பெனியைக் காட்டுகிறார். கம்பெனி, இவர் எங்கள் ஆள் இல்லை என்று காண்டிராக்டரைக் காட்டுகிறது. கூட்டி வந்த மேஸ்திரி இரவோடு இரவாக ஊருக்குப் போய்விடுகிறார். உடலை ஊருக்குக் கொண்டுபோக நம்மவர்களே உண்டியல் குலுக்குகிறார்கள். நான்தான் பொறுப்பு என்று சொல்ல ஒருவர்கூட இல்லாமல் ஒரு மனிதன் மண்ணுக்குப் போகிறான். திருவனந்தபுரத்து நாற்காலியில் ஏற்கப்படாத பொறுப்பு, படிப்படியாகக் கீழே இறங்கி, இடக்கொச்சியின் வேலைத்தலத்திலும் ஏற்கப்படாமல் கிடக்கிறது.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டத்துப் பெண் தொழிலாளர்கள் போனஸ் குறைப்பை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தாய்மார்கள். தங்களுக்குப் பதில் சொல்லாத எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்களையும், எந்தக் கொடியானாலும், தள்ளி நில் என்றார்கள். சில நாட்களில் பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்தது. படித்தவர்கள் பல ஆண்டு பேசியும் சொல்லாத பாடத்தை அந்தத் தாய்மார்கள் ஒன்பது நாளில் சொன்னார்கள். நம்முடைய பெயரில் பேசுகிறவன் நமக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

கேரள அரசு புலம்பெயர்ந்த தொழிலாளருக்கென்று 2010-இல் நலத் திட்டம் கொண்டுவந்தது, 2017-இல் 'ஆவாஸ்' இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தது. நல்ல காரியங்கள். நன்றி சொல்வோம், பெயரைப் பதிவும் செய்துகொள்வோம். விருந்தாளித் தொழிலாளி என்று நம்மை இங்கே மரியாதையாக அழைக்கிறார்கள். அந்த மரியாதையையும் ஏற்போம். ஆனால் விருந்தாளி வீட்டுக்காரனிடம் கணக்குக் கேட்க முடியாது. குடிமகன்தான் கேட்க முடியும். ஆகவே இங்கேயே நிரந்தரமாக வாழும் குடும்பங்கள் இங்கேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். ஊரில் ஒரு பெயரும் இங்கே ஒரு பெயரும் வைத்துக்கொள்வது சட்டவிரோதம். எங்கே வாழ்கிறோமோ அங்கே ஓட்டு இருந்தால்தான் கவுன்சிலர் நம் லைன் வீட்டுச் சந்துக்குள் வருவார்.

வருகிறவரிடம் என்ன கேட்பது? தமிழ் பேசத் தெரியுமா என்று கேட்க வேண்டாம். தமிழ் பேசும் வேட்பாளரைத் தேடியும் அலைய வேண்டாம், திவான் ராமசாமி ஐயரும் தமிழ் பேசியவர்தான். முன்பு எத்தனை முறை சிறை போனீர்கள் என்றும் கேட்க வேண்டாம், பட்டமும் போனவர்தான். உங்கள் கட்சி ஆட்சியில் இருக்கும்போது, உங்கள் போலீசாலோ உங்கள் அதிகாரியாலோ எங்களில் ஒருவர் உயிர் போனால், நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்? இதை மட்டும் கேளுங்கள். கட்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் உத்தரவாதி என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போடத் துணிந்தால், அவர் எந்தக் கட்சியானாலும் எந்த மொழியானாலும், அவரோடு பேசத் தொடங்கலாம்.

ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் விழுந்தவர்களுக்கு வணக்கம் செலுத்துவோம். அந்த வணக்கத்தில் செப்டம்பர் 15-இல் மட்டாஞ்சேரியில் விழுந்தவர்களையும் சேர்த்துக்கொள்வோம். குமரியிலிருந்து வந்தவரும் மட்டாஞ்சேரிக்காரரும் ஒரே நாளில் ஒரே மேடையில் நின்று அஞ்சலி செலுத்தும் நிலையை நம் சங்கம் உண்டாக்க வேண்டும். அது நடந்தால், 1938-இல் பட்டம் தாணு பிள்ளை கேட்டு, 1954-இல் தானே மறந்த அந்த உத்தரவாத ஆட்சியைக் கேட்கிற உரிமை அவருக்கு அடுத்து நமக்குத்தான் வரும்.